சாலை நடுவே ஒரு திட்டு, அதன் மேல் நம் கார்

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. அன்று வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)

ஞாயிற்றுக்கிழமை காலை டிபனை முடித்த கையோடு கிளப் ஹவுஸ் வரை வந்ததற்கு நன்றி. லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரிக் கணக்கு எல்லாம் முடிந்து இப்போதுதான் அஜெண்டாவில் ஐந்தாவது பொருளுக்கு வந்திருக்கிறோம். சிலர் எழுந்து போகத் தயாராக இருப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், இது உங்கள் பர்ஸையும் தொடுகிற விஷயம்.

நம் மெயின் கேட்டுக்கு எதிரே, சாலையின் நடுவில், ஜீப்ரா கோடு போகும் இடத்தில் கட்டியிருக்கும் அந்தத் திட்டைப் பற்றித்தான் பேச்சு. ஐலண்ட் என்கிறோம் நாம். மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்த ஓரக்கல், ஆட்கள் நிற்க சிமென்ட் தரை, இரண்டு பக்கமும் சாய்தளம். வீல்சேருக்கும் குழந்தைகளின் தள்ளுவண்டிக்கும் என்று போட்ட சாய்தளம் அது. கார் ஏறுவதற்கும் அதுவே வசதியாகப் போய்விட்டது. இரண்டு சக்கரம் திட்டின் மேல், இரண்டு சக்கரம் சாலையில் என்று சாய்ந்து நிற்கும் வண்டிகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இதைப் பற்றிச் சங்கத்துக்கு இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. முதல் கடிதம், ஐலண்டையே அகற்றிவிடும்படி மாநகராட்சிக்கு எழுதச் சொல்கிறது. கேட்டிலிருந்து வெளியே வந்து நேராக வலது பக்கம் திரும்ப முடியவில்லை, தொலைவு போய் யூ டர்ன் எடுக்க வேண்டியிருக்கிறது, திட்டை யாரும் பயன்படுத்துவதும் இல்லை என்பது வாதம். இரண்டாவது கடிதம் நேர் எதிர். திட்டின் மேல் நிற்கும் வண்டிகளுக்கு அபராதம் போடச் சொல்லிப் போலீஸுக்கு எழுத வேண்டும் என்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்து வரும்படி கமிட்டி என்னிடம் கேட்டது. பார்த்தேன். சட்டத்தோடு என் கருத்தையும் சேர்த்தே சொல்வேன், வாக்கு உங்களுடையது.

முதலில், அது எதற்கு அங்கே இருக்கிறது? சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். நம் சாலையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு லேன், கிட்டத்தட்ட 7 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து 14 மீட்டர். நல்ல உடல்நிலையில் இருப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று சாலைப் பொறியாளர்கள் வழக்கமாகக் கணக்கு வைப்பார்கள். அவருக்கு 14 மீட்டரைக் கடக்க 12 நொடி. முட்டிவலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு பதினேழரை நொடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடும். பதினேழரை நொடியில் அது 190 மீட்டருக்கு மேல் வந்துவிடும். ஆக, திட்டு இல்லாவிட்டால் அந்தப் பெரியவர், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற வண்டியையும் கணக்கில் எடுத்து, இரண்டு திசையும் ஒரே நேரத்தில் காலியாகும் தருணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு நம் சாலையில் அப்படி ஒரு தருணம் வருமா? நீங்களே சொல்லுங்கள்.

திட்டு இருந்தால் கணக்கு மாறுகிறது. வலது பக்கம் மட்டும் பார்த்து 7 மீட்டர் கடக்கலாம். அங்கே நின்று மூச்சு வாங்கலாம். பிறகு இடது பக்கம் மட்டும் பார்த்து மீதி 7 மீட்டர். ஒரு திசையில் ஒன்பது நொடி இடைவெளி கிடைப்பது, இரண்டு திசையிலும் சேர்ந்தாற்போல் பதினெட்டு நொடி கிடைப்பதைவிட எவ்வளவோ எளிது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் 1862-லேயே, மோட்டார் கார் வருவதற்கு முன்பே, குதிரை வண்டிகளுக்கு நடுவே கடப்பவர்களுக்காக இப்படித் திட்டுகள் போட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் அடைக்கலம். நாம் அதை ஐலண்ட், தீவு என்று சொல்லப்போய், ஆளில்லாத தீவு யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்துவிட்டோமோ என்னவோ.

இப்போது 'யாரும் பயன்படுத்துவதில்லை' என்ற வாதத்துக்கு வருகிறேன். மாலையில் அரை மணி நேரம் கேட் ஓரம் நின்று பாருங்கள். நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் எதிர்ப்பக்கம் பஸ் பிடிக்கப் போவார்கள். டியூஷன் போகும் பிள்ளைகள், மெடிக்கல் ஷாப்புக்குப் போகும் பெரியவர்கள், ஷிஃப்ட் மாறும் செக்யூரிட்டிகள் எல்லோரும் அங்கேதான் கடக்கிறார்கள். திட்டு காலியாக இருந்தால் அதன் மேல் ஏறி நிற்கிறார்கள். கார் நின்றால், அதைச் சுற்றிக்கொண்டு, ஓடும் வண்டிகளுக்கு ஒரு கை தூரத்தில் சாலையிலேயே நிற்கிறார்கள். பால்கனியிலிருந்து பார்ப்பவருக்குத் திட்டில் ஆள் இல்லை என்றுதான் தெரியும். உண்மைதான், ஆள் இருக்க வேண்டிய இடத்தில் கார் இருக்கிறது.

சரி, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988. அதில் 'டிராஃபிக் ஐலண்டில் நிறுத்தினால் இவ்வளவு' என்று தனி வரி தேடாதீர்கள். தேடத் தேவையும் இல்லை, பொதுவான பிரிவுகளே தாராளமாகப் போதும்.

122-ஆவது பிரிவுதான் அச்சாணி. எந்தப் பொது இடத்திலும், அதைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ தேவையற்ற சிரமமோ உண்டாகும்படி, அல்லது உண்டாகக்கூடிய வகையில், வண்டியை நிற்கவிடக் கூடாது. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. 'உண்டாகக்கூடிய' என்றாலே போதும், யாராவது விழுந்து அடிபட்டால்தான் குற்றம் என்பதில்லை. அடுத்து, 'பொது இடம்' என்பதற்குச் சட்டமே விளக்கம் தருகிறது. சாலை, தெரு, வழி அல்லது மக்கள் போய்வர உரிமையுள்ள வேறு எந்த இடமும் அதில் அடங்கும். ஆகவே 'நான் ரோட்டில் நிறுத்தவில்லை சார், ஐலண்டில்தான் நிறுத்தினேன்' என்று சொல்வது தப்பிக்கும் வழி ஆகாது, ஒப்புதல் வாக்குமூலம் ஆகும்.

அடுத்து, 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள். இவை 1989-இல் வந்த சாலை விதிகளுக்குப் பதிலாக வந்தவை. நடைபாதை, சைக்கிள் பாதை, பாதசாரி கடக்கும் இடம் இவற்றில் வண்டியை நிறுத்தக் கூடாது. நடைபாதை மீது வண்டி ஓட்டுவதும் கூடாது, சீருடையில் இருக்கும் காவலர் சொன்னால் தவிர. நம் திட்டு ஜீப்ரா கோட்டின் நடுவில் இருக்கிறது. கடக்கும் பாதையின் ஒரு பகுதி அது. முன்னால் போக இடமில்லாமல் போக்குவரத்து நின்றுவிட்டால் ஜீப்ரா கோட்டின் மேல் போய் நிற்கக் கூடாது என்றும் அந்த ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. சிக்னலில் ஓரிரு நிமிடம் நிற்பதற்கே இந்தத் தடை என்றால், அங்கே காரைப் பூட்டிவிட்டுக் காய்கறி வாங்கப் போவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி எல்லோரும் காத்திருந்த பகுதி. எவ்வளவு? 177-ஆவது பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 1,500 ரூபாய் வரை. தமிழக அரசு 2022 அக்டோபரில் தொகைகளைத் திருத்தியபோது நோ பார்க்கிங்குக்கு இதே 500, 1,500 என்றுதான் வைத்தது. ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மீறினால் 177-ஏ, அதில் 500-லிருந்து 1,000 வரை. போக்குவரத்துக்குத் தடையாக வண்டியை வைத்தால் 201-ஆவது பிரிவில் 500 வரை. இவற்றோடு 127-ஆவது பிரிவு. தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை டோயிங் வண்டி வைத்து இழுத்துப் போகவோ, சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ சீருடைக் காவலர் உத்தரவிடலாம். இழுத்த செலவு உரிமையாளர் தலையில், அபராதம் தனி.

127 பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது: 'பத்து மணி நேரம் ஆன பிறகுதான் இழுக்க முடியும், அதற்குள் தொட்டால் கேஸ் போடலாம்.' பாதிச் சட்டத்தைப் படித்துவிட்டு எழுதியது அது. பத்து மணி நேரக் கணக்கு, மற்றபடி நிறுத்தத் தடையில்லாத இடத்தில் ஆளில்லாமல் விட்டுப்போன வண்டிக்கு. நிறுத்தவே கூடாத இடம் என்றால் நேரக் கணக்கு கிடையாது. போக்குவரத்துக்கு ஆபத்தாக நிற்கும் வண்டியை உடனே அகற்றவும் அதே பிரிவு இடம் தருகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்துக்கு வெளியேயும் ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவு. பொது வழியில் ஆபத்தோ தடையோ ஏற்படுத்தினால் 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதே குற்றத்துக்கு 200 ரூபாய்தான். இருநூறு ஐயாயிரம் ஆகியிருக்கிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசிப் பார்த்ததில் காதில் விழுந்த சமாதானங்கள் சிலவற்றையும் இங்கேயே பார்த்துவிடுவோம்.

'டிரைவர் உள்ளேதான் இருக்கார், இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கு.' 122-ஆவது பிரிவு பேசுவது வண்டி நிற்பதைப் பற்றி. உள்ளே ஆள் இருந்தால் தடை குறைந்துவிடாது. காவலர் வந்தால் சட்டென்று நகர்த்த முடியும் என்பது உங்களுக்குத்தான் வசதி, கைத்தடியோடு சாலையில் நிற்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

'ஹசார்ட் லைட் போட்டிருந்தேன்.' அந்த நான்கு விளக்கும் வண்டி பழுதாகி நின்றுவிட்டது, ஜாக்கிரதை என்று மற்றவர்களை எச்சரிக்க. நம் ஊரில் அது 'எங்கே வேண்டுமானாலும் நிறுத்தும் பட்டன்' ஆகிவிட்டது. உண்மையிலேயே வண்டி பழுதானால் அது வேறு விஷயம். அப்போதும் சீக்கிரம் அகற்ற ஏற்பாடு செய்வது உரிமையாளர் பொறுப்பு.

'வண்டி என் பேர்ல, ஆனா ஓட்டினது தம்பி.' இ-சலான் உங்கள் பேருக்குத்தான் வரும். ஓட்டியவர் யார் என்று காவல்துறை கேட்டால் பெயரும் முகவரியும் சொல்ல வேண்டிய கடமை 133-ஆவது பிரிவின்படி உரிமையாளருக்கு இருக்கிறது.

'நோ பார்க்கிங் போர்டே இல்லையே.' நடைபாதைக்கும் பாதசாரி கடக்கும் இடத்துக்கும் போர்டு தேவையில்லை, தடை ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. நம் வீட்டு வாசலில் 'திருடக் கூடாது' என்று எழுதி ஒட்டுவதில்லை அல்லவா?

'500 ரூபாய்தானே, கட்டிட்டுப் போறேன்.' இதைச் சொன்னவர் முன் வரிசையிலேயே இருக்கிறார், சிரிக்கிறார். ஐயா, அது பார்க்கிங் கட்டணம் இல்லை. கட்டிவிட்டால் அந்த இடத்தில் நிற்க உரிமை வந்துவிடாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டிருக்கும் வண்டியும், விபத்து இழப்பீட்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை, 'பயன்பாட்டில்' இருப்பதாகவே கொள்ளப்படலாம் என்று 1991-இல் ஒரு பெட்ரோல் டேங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டி ஓடவில்லை, அதனால் எனக்குச் சம்பந்தமில்லை என்று கைகழுவ முடியாது.

சென்ற மாதம் நடந்ததைச் சம்பந்தப்பட்ட அம்மாவின் அனுமதியோடு சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். நம் பி பிளாக்கில் இருப்பவர், வயது எழுபதைத் தாண்டியது. மாலையில் மெடிக்கல் ஷாப்பிலிருந்து திரும்பி வரும்போது திட்டின் மேல் ஒரு பெரிய கார். ஏறி நிற்க இடமில்லை. காரின் மூக்கை ஒட்டி சாலையில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறார். பைக்கில் வந்த பையனுக்குக் கார்தான் தெரிந்தது, அவர் தெரியவில்லை. கைப்பையில் ஹேண்டில்பார் மாட்டி இழுத்தது. விழுந்தவர் கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பையன் நின்று, தூக்கிவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வரை கூடப் போனான். அவன் மேல் அந்த அம்மாவுக்குக் கோபம் இல்லை. காரில் நம் குடியிருப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை, கேட்கவும் வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த கார் யாரையும் இடிக்கவில்லை என்பது. அது செய்தது இரண்டு வேலை. நிற்க வேண்டியவரைச் சாலையில் இறக்கியது, இறங்கியவரை மறைத்தது. இந்த இரண்டாவது வேலையை நாம் நினைத்தே பார்ப்பதில்லை. இப்போது வரும் எஸ்யூவிகளின் பானெட் உயரத்துக்குப் பின்னால் ஒரு யூகேஜி பிள்ளை நின்றால் தலைகூடத் தெரியாது. ஜப்பானின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், பாதசாரிகளுக்கான இப்படிப்பட்ட பாதுகாப்புத் திட்டுகளை ஒட்டிய சாலைப் பகுதியிலும், அதற்கு முன்னும் பின்னும் 10 மீட்டருக்கும் வண்டி நிற்கத் தடை போடுகிறது. திட்டை மட்டும் காலியாக வைத்தால் போதாது, அதைச் சுற்றிப் பார்வையும் மறையக் கூடாது என்பது அதன் தர்க்கம். பிள்ளைகள் லண்டனில் இருக்கிறவர்கள் இங்கே பலர் உண்டு. அங்கே போனால் நடைபாதையில் சக்கரம் ஏற்றத் துணிவீர்களா? 1974-லேயே போட்ட தடை அங்கே. திரும்பி வந்து மீனம்பாக்கத்தில் இறங்கியதும் எல்லாம் மறந்துவிடுகிறது.

மத்திய அரசின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,72,890 பேர். அதில் நடந்து போனவர்கள் 35,221 பேர். ஐந்தில் ஒருவர். கார் வாங்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை, நடந்தார்கள், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரின் பங்கு பெரியது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். சாலை விபத்துகளைக் குறைக்க நடவடிக்கை கோரி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டவர் அவர். அந்த வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில்தான் 2025 மே 14 அன்று, தடையில்லாத நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, பாதசாரிகள் தொடர்பாக 138(1ஏ) பிரிவின் கீழ் விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே ஐலண்டை எடுங்கள் என்று இப்போது மாநகராட்சிக்கு எழுதினால், காற்று வீசும் திசைக்கு எதிராக எழுதுகிறோம் என்பதைத் தெரிந்தே எழுத வேண்டும்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடப்பவரின் இடத்தைப் பிடிப்பது கார் மட்டும் இல்லை. நகரத்தில் பல திட்டுகளைப் பாருங்கள். ஒன்றில் செடி வைத்து கம்பி வேலி. ஒன்றில் நீரூற்று. ஒன்றில் விளம்பர போர்டு. ஃப்ரீ லெஃப்ட் பக்கத்து முக்கோணத் திட்டில் போலீஸ் பூத், அதன் பக்கத்தில் நான்கு பைக். அழகுபடுத்துகிறோம் என்று கடப்பவருக்கு நிற்க ஓரடி இடம் விடுவதில்லை. அதைக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால் மாநகராட்சி வேலி போடுகிறது, அதனால் நான் கார் போடுகிறேன் என்றால், இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் எங்கே போவார்?

அடுத்து, நாம் செய்யக் கூடாதவை. ஒரு உறுப்பினர், நம் செக்யூரிட்டியே சங்கிலிப் பூட்டு வாங்கிச் சக்கரத்தில் மாட்டட்டும் என்றார். கூடாது. பொதுச் சாலையில் வண்டியைப் பூட்டும் அதிகாரம் நமக்கு இல்லை. டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவது, கண்ணாடியில் பசை போட்டு நோட்டீஸ் ஒட்டுவது எல்லாம் நம் மேல் புகாராகத் திரும்பும். திட்டைச் சுற்றிக் கல்லும் பூந்தொட்டியும் வைக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம், வைத்தால் 285-இல் நாமே மாட்டுவோம். கேட்டுக்கு வெளியே நடைபாதையில் 'இங்கே நிறுத்தாதீர்' என்று நாம் வைத்திருக்கும் மூன்று சிமென்ட் தொட்டிகளும் அதே கணக்குதான். அவற்றை இந்த வாரமே உள்ளே எடுத்துவிடும்படி கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன்.

சட்டப்படி செய்யக்கூடியது இவ்வளவு. வண்டி எண்ணும் திட்டும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுத்து, தேதி, நேரம், இடம் குறிப்பிட்டுப் போக்குவரத்துக் காவல்துறைக்கு அனுப்பலாம். கார் ஏற முடியாதபடி சாய்தளத்தின் நடுவே தடுப்புக் குத்துக்கல் நடும்படி மாநகராட்சியை 1913 எண்ணிலோ எழுத்திலோ கேட்கலாம். குத்துக்கல் கேட்கும்போது வீல்சேர் போக இடைவெளி விடச் சொல்லியும் எழுத வேண்டும். காரைத் தடுக்கிறேன் என்று வீல்சேரையும் தடுத்துவிட்ட இடங்கள் நிறைய உண்டு.

ஆனால் இதையெல்லாம் எழுதி அனுப்புவதற்கு முன் நம் கேட்டுக்கு உள்ளே ஒரு வேலை இருக்கிறது. திட்டின் மேல் நிற்கும் வண்டிகள் எங்கிருந்து வருகின்றன என்று செக்யூரிட்டியிடம் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: 'விசிட்டர் வண்டியை உள்ளே விடக் கூடாதுன்னு சங்கத்துல ஆர்டர் சார். கேக்கறவங்ககிட்ட, அப்படி ஓரமா போட்டுக்குங்கன்னு சொல்றேன்.' அவர் கை காட்டுகிற 'ஓரம்' திட்டுதான். ஆகவே நம் சொந்தக்காரர்களை அங்கே அனுப்பிவைப்பது நாமே போட்ட தீர்மானம்.

நம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் விசிட்டர் பார்க்கிங் என்று குறித்த இடம் இருக்கிறது. பேஸ்மென்ட் சரிவு இறங்கியதும் வலது பக்கம். போய்ப் பாருங்கள். சில வீடுகளின் இரண்டாவது கார், கவர் போட்டுத் தூசி படிந்த வண்டிகள், டயர் இறங்கிப்போன ஒரு பழைய கார், யாரோ வைத்த கட்டில், இரண்டு சைக்கிள் எலும்புக்கூடு. வீட்டுக்கு வரும் சம்பந்திக்கு அங்கே இடமில்லை, அதனால் அவர் கார் சாலை நடுவே. அதனால் பி பிளாக் அம்மாவுக்கு மாவுக்கட்டு. சுற்றி வளைத்துப் பார்த்தால் அந்தத் தூசி படிந்த கார்தான் திட்டின் மேல் நிற்கிறது.

ஸ்கூல் வேன்களும் டெலிவரி வண்டிகளும் கூட இப்படித்தான். காலை ஏழேகால் முதல் எட்டு வரை வேன் உள்ளே வந்து திரும்பிப் போக நாம் அனுமதிப்பதில்லை, தரையில் போட்ட டைல்ஸ் பெயர்ந்துவிடும் என்று. டைல்ஸ் பெயர்ந்தால் மாற்றலாம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு எதிர்க் கருத்து இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. இரண்டாவது கார் வைத்திருப்பவர்கள், நாங்களும் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம், எங்கே போவோம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பக்கத்தில் மாத வாடகைக்கு பார்க்கிங் கிடைக்கிறதா என்று பார்க்கக் கமிட்டி மூன்று மாதம் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த மூன்று மாதமும் கார் திட்டின் மேல் நிற்கலாம் என்பதை நான் ஏற்க மாட்டேன். யூ டர்ன் தொலைவில் இருக்கிறது என்பவர்களுக்கும் என் பதில் இதுவே. நமக்கு ஆவது சில நிமிடமும் கொஞ்சம் பெட்ரோலும். எதிர்ப்பக்கம் போக நடந்து கடக்கிறவருக்கு வேறு வழி கிடையாது.

ஆகவே வாக்கெடுப்புக்கு மூன்று தீர்மானம் வைக்கிறேன். ஐலண்டை அகற்றக் கோரும் மனுவைச் சங்கத்தின் பெயரில் அனுப்ப வேண்டாம் என்பது ஒன்று. தனிப்பட்ட முறையில் அனுப்புவது உங்கள் உரிமை. விசிட்டர் பார்க்கிங்கை முப்பது நாளில் காலி செய்து, விசிட்டர் வண்டிகளையும் ஸ்கூல் வேன்களையும் உள்ளே விடுவது இரண்டாவது. மூன்றாவதில்தான் சண்டை வரும் என்று நினைக்கிறேன். முப்பது நாளுக்குப் பிறகும் திட்டின் மேல் நிற்கும் வண்டிகளைப் பற்றிச் சங்கம் காவல்துறைக்குப் புகார் செய்யும், நம் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியானாலும் முன்கூட்டியே போன் செய்து சொல்லாமல். 'நம்ம ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு' என்று ஆரம்பித்தால் புகார் எப்போதும் வெளியூர் வண்டி மேல்தான் போகும், உங்களுக்கே தெரியும்.

வாக்குச் சீட்டுகள் வாசல் மேஜையில் இருக்கின்றன. ஒரு பிளாட்டுக்கு ஒரு ஓட்டு, வாடகைக்கு இருப்பவர்கள் உரிமையாளரின் கடிதம் கொண்டுவந்திருந்தால் போடலாம். பேஸ்மென்டில் இருக்கும் கட்டில் யாருடையது என்று தெரிந்தவர்கள், தயவுசெய்து இன்றே செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், மைக் முன் வரிசையிலிருந்து வருகிறது.